ஜெர்மனி கட்டிக்கொடுத்த ஐஐடி, அமெரிக்காவுக்குப் போன மாணவர்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னை ஐஐடி வளாகத்துக்குள் டெல்லி அவென்யூ என்றும் பான் அவென்யூ என்றும் இரண்டு சாலைகள் இருக்கின்றன. டெல்லி சரி, பான் எங்கிருந்து வந்தது? அது அன்றைய மேற்கு ஜெர்மனியின் தலைநகரம். 1959இல் அந்த ஊரில் கையெழுத்தான ஒப்பந்தத்தின் பேரில்தான் கிண்டிக் காட்டுக்குள் இந்த நிறுவனம் எழுந்தது. மேற்கு ஜெர்மனி தன் நாட்டுக்கு வெளியே எடுத்துச் செய்த கல்வித் திட்டங்களில் அன்றைக்கு இதுதான் மிகப் பெரியது. பேராசிரியர்கள் வந்தார்கள், இயந்திரங்கள் கப்பலில் வந்தன, இங்கிருந்து ஆசிரியர்கள் அங்கே போய்ப் பயிற்சி எடுத்துத் திரும்பினார்கள்.

இவ்வளவு செய்த நாட்டுக்கும் இந்த நிறுவனத்துக்கும் இருக்கும் ஆராய்ச்சி உறவு அறுபது வருடத்துக்கு மேலாகியும் அறுபடவில்லை. ஆனால் படித்து முடித்த பிள்ளைகள் போனது வேறு பக்கம். முதல் பேட்ச் வெளியே வந்த காலத்திலிருந்தே வெளிநாடு போனவர்களின் பெருங்கூட்டம் அமெரிக்காவில்தான். முன்னாள் மாணவர்களிடமிருந்து இன்று வரும் பெரிய நன்கொடைகளைப் பாருங்கள், கொடுத்தவருடைய வாழ்க்கைக் குறிப்பில் பெரும்பாலும் எங்காவது ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் இருக்கும், ஜெர்மன் பல்கலைக்கழகத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

பல்கலைக்கழகங்களின் ஆண்டறிக்கைகளில் "சர்வதேச ஒத்துழைப்பு" என்ற ஒரே தலைப்புக்குக் கீழே ஆராய்ச்சிக் கூட்டையும் முன்னாள் மாணவர் தொடர்பையும் சேர்த்துப் போட்டுவிடுவார்கள், ஒன்று வளர்ந்தால் மற்றதும் கூடவே வளர்ந்துவிடும் என்பதுபோல. சென்னை ஐஐடி விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. ஆராய்ச்சி உறவை ஒரு நாடு ஆய்வகங்கள் வழியாகக் கட்டலாம், ஜெர்மனி அதை நன்றாகவே கட்டியது. முன்னாள் மாணவர் உறவோ, பட்டம் வாங்கிய பையன் அடுத்த ஐந்து வருடத்தை எங்கே கழிக்கிறான் என்பதில் தீர்மானமாகிவிடுகிறது. அந்த ஐந்து வருடத்துக்கு ஜெர்மனி நாற்பது வருடம் கதவைத் திறக்கவே இல்லை.

ஏன் ஜெர்மனி, ஏன் சென்னை

நளினி ரஞ்சன் சர்க்கார் தலைமையில் அரசு அமைத்த குழு (சர்க்கார் குழு) 1946இல் கொடுத்த அறிக்கையில் கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு என்று நான்கு திசையிலும் உயர் தொழில்நுட்ப நிறுவனங்கள் வேண்டும் என்று சொல்லியிருந்தது. மனதில் வைத்திருந்த மாதிரி அமெரிக்காவின் எம்ஐடி (மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம்). இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 1951இல் காரக்பூர் வந்தது. அடுத்தவற்றுக்கு வெளிநாட்டு உதவி தேடப்பட்டது: பம்பாய்க்கு யுனெஸ்கோ வழியாக சோவியத் யூனியன், கான்பூருக்கு அமெரிக்கா, டெல்லிக்கு பிரிட்டன், மெட்ராஸுக்கு மேற்கு ஜெர்மனி. அதே காலத்தில் எஃகு ஆலைகளும் இப்படித்தான் பிரிந்தன, ரூர்கேலா ஜெர்மனிக்கு, பிலாய் சோவியத்துக்கு, துர்காபூர் பிரிட்டனுக்கு. பனிப்போரில் எந்தப் பக்கமும் சாயாமல் இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்ட நேருவின் சாமர்த்தியம் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு, எனக்கும் அதில் பெரிய மறுப்பு இல்லை.

ஜெர்மனிக்கும் கணக்கு இருந்தது. கிழக்கு ஜெர்மனியைத் தனி நாடாக அங்கீகரிக்கும் எந்த நாட்டோடும் உறவை முறிப்போம் என்ற ஹால்ஸ்டைன் கொள்கையை பான் அரசு 1955இல் அறிவித்திருந்தது. இந்தியா மாதிரி ஒரு பெரிய அணிசேரா நாடு கிழக்கு ஜெர்மனியின் பக்கம் போய்விடக் கூடாது. நேரு 1956இல் மேற்கு ஜெர்மனிக்குப் போனபோது தொழில்நுட்பக் கல்விக்கு உதவுவதாகச் சொன்னார்கள், மூன்று வருடத்தில் அது ஒப்பந்தமானது. கிழக்கு ஜெர்மனியை இந்தியா அங்கீகரித்தது 1972இல்தான். முதல் கட்டப் பெரிய உதவி 1970களின் நடுவில் முடிவுக்கு வந்ததையும் இதையும் நேராக முடிச்சுப் போட நான் தயாரில்லை, ஆனால் உதவிக்குப் பின்னால் இருந்த அரசியல் அவசரம் அதற்குள் குறைந்துவிட்டிருந்தது.

1959 ஜூலை 31 அன்று மத்திய அமைச்சர் ஹுமாயூன் கபீர் நிறுவனத்தைத் தொடங்கிவைத்தார். முதல் வருடம் 120 மாணவர்கள். சொந்தக் கட்டடம் கிடையாது. எதிரே இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலும் பக்கத்து அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியிலும் இடம் வாங்கி வகுப்பு நடத்தினார்கள். அன்றைய சென்னை மாகாணக் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் இதைச் சென்னைக்குக் கொண்டுவருவதிலும் இடம் ஒதுக்குவதிலும் முன்னால் நின்றவர். கிண்டி ஆளுநர் மாளிகையை ஒட்டிய காட்டில் 600 ஏக்கருக்கு மேல் கிடைத்தது, மான்களோடு சேர்த்து. 1962இல் ஜெர்மன் ஜனாதிபதி ஹைன்ரிச் லுப்கேயே வந்து பார்த்துவிட்டுப் போனார். ஒரு கல்லூரிக்கு நாட்டின் தலைவர் வருகிறார் என்றால் அந்த நாட்டுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிந்துகொள்ளலாம்.

பட்டறையில் தொடங்கிய படிப்பு

ஜெர்மன்காரர்கள் கொண்டுவந்தது காசும் கருவியும் மட்டும் இல்லை, பொறியாளர் என்றால் யார் என்ற அவர்களுடைய எண்ணத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். கையில் அரம் பிடித்து இரும்பை ராவத் தெரியாதவன் பொறியாளர் இல்லை என்பது அந்த ஊர் நம்பிக்கை. அதனால் மத்தியப் பட்டறை பெரிதாக அமைந்தது, பேராசிரியர்களோடு பட்டறை மேற்பார்வையாளர்களும் வந்தார்கள், ஆரம்ப பேட்ச் மாணவர்கள் பட்டறையில் கழித்த நேரம் மிக அதிகம். சுருட்டிய சட்டைக்கையும் கிரீஸும் அன்றைய நடுத்தர வர்க்கக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாதவை. நம் ஊரில் படித்தவன் கைவேலை செய்யக் கூடாது என்று ஒரு சாதிக் கணக்கு இருந்தது, இன்றும் இருக்கிறது. அதை ஒரு பாடத்திட்டம் கொஞ்சமாவது அசைத்துப் பார்த்தது என்பதற்காகவே அந்த ஆரம்ப வருடங்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஜெர்மன் மொழி வகுப்பும் நடந்தது.

ஆனால் சர்க்கார் குழு கேட்டது எம்ஐடி மாதிரி. அதாவது கணிதம், இயற்பியல் அடித்தளத்தில் நின்று யோசிக்கும் பொறியியல். கான்பூரில் ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 1962 முதல் 1972 வரை அதைத்தான் செய்தன, 1963இலேயே அங்கே ஐபிஎம் 1620 கணினி வந்துவிட்டது. சென்னை கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் நகர்ந்தது. பட்டறை நேரம் குறைந்தது, செமஸ்டரும் கிரெடிட்டும் வந்தன, 1980களில் ஐந்து வருடப் படிப்பு நான்கானது. 1973 வாக்கில் சென்னைக்கு ஜெர்மன் உதவியில் பெரிய கணினி ஒன்று வந்தது, அதுவும் ஐபிஎம் 370/155. ஜெர்மனி கொடுத்த அன்பளிப்பு, உள்ளே இருந்ததோ அமெரிக்க இயந்திரம். இது யாருடைய தவறும் இல்லை, உலகம் அப்போது அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஆனால் பாடத்திட்டம் அமெரிக்கச் சாயலுக்கு மாறிய பிறகு மாணவருக்கு அமெரிக்க மேற்படிப்பு என்பது அடுத்த வகுப்புக்குப் போவதுபோல ஆகிவிட்டது, ஜெர்மனியில் படிப்பதென்றால் தலைகீழாக மாற வேண்டியிருந்தது.

1964, 1965

இந்த நிகழ்வில் எல்லாம் திரும்பும் இடம் இந்த இரண்டு வருடங்கள்தான். முதல் பட்டமளிப்பு விழா 1964 ஜூலையில் நடந்தது, குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் உரையாற்றினார். அடுத்த வருடம் 1965 அக்டோபரில் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றியது. அதுவரை ஒரு வருடத்துக்கு நூறு இந்தியர்கள் என்ற அளவில்தான் இடம் இருந்தது. புதிய சட்டம் நாட்டுவாரி ஒதுக்கீட்டை எடுத்துவிட்டுத் திறமைக்கும் குடும்ப உறவுக்கும் இடம் கொடுத்தது, 1968இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஐஐடிகள் பொறியாளர்களை வெளியே அனுப்பத் தொடங்கிய நேரமும் அமெரிக்கா பொறியாளர்களை உள்ளே விடத் தொடங்கிய நேரமும் அச்சாகப் பொருந்தின. இதை யாரும் திட்டமிடவில்லை.

அதோடு அசிஸ்டன்ட்ஷிப். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைக்கோ பிஎச்டிக்கோ சேர்ந்தால் பாடம் எடுத்தோ ஆய்வில் உதவியோ படிப்புச் செலவையும் வயிற்றுப்பாட்டையும் பார்த்துக்கொள்ளலாம். விமானச் சீட்டுக்கு மட்டும் வீட்டில் கடன் வாங்கினால் போதும். மொழி ஆங்கிலம். சீனியர் ஒருவர் அங்கே இருப்பார், விமான நிலையத்துக்கு வந்து கூட்டிக்கொண்டு போவார், முதல் மாதம் அவர் அறையில் தங்கலாம். அடுத்த வருடம் இவர் போய் ஜூனியரைக் கூட்டிவருவார். முன்னாள் மாணவர் வலைப்பின்னல் என்று இன்று பெரிய பெயர் வைத்திருப்பதன் கரு அந்த விமான நிலையப் பயணம்தான் என்று நான் நினைக்கிறேன்.

ஜெர்மனியில் என்ன நிலைமை? படிப்பு ஜெர்மன் மொழியில். டிப்ளோம் என்ற அவர்களுடைய பட்டம் இங்குள்ள பி.டெக்கோடு நேராகப் பொருந்தாது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது வெளிநாட்டுத் தொழிலாளர்களை எடுப்பதையே நிறுத்தினார்கள். மாணவராக வருகிறவர் படித்து முடித்துத் திரும்பிப் போய்விட வேண்டும் என்பதுதான் அங்கே எதிர்பார்ப்பு, வளர்ச்சி உதவியின் தர்க்கமும் அதுதான்: உங்கள் நாட்டுக்கு ஆள் தயாரிக்கிறோம், நாங்கள் அவரை எடுத்துக்கொள்ள மாட்டோம். நியாயமாகப் பார்த்தால் மதிக்க வேண்டிய நிலைப்பாடு. அந்த எதிர்பார்ப்பு பொய்யாகவும் இல்லை, டாடா ஸ்டீலை நடத்திய பி. முத்துராமன் இங்கே 1966இல் உலோகவியல் முடித்தவர், அப்படி இந்தியத் தொழில்துறைக்குப் போனவர்கள் ஏராளம். ஆனால் வெளிநாடு போயே தீருவேன் என்று கிளம்பியவர்களை ஜெர்மனி தடுக்கவில்லை, தன்னிடம் வரவைக்கவும் இல்லை. இடையில் புகுந்தது அமெரிக்கா.

2000இல் ஒரு வாய்ப்பு வந்தது. ஷ்ரோடர் அரசு கணினி வல்லுநர்களுக்கு ஜெர்மன் கிரீன் கார்டு அறிவித்தது, 20,000 பேருக்கு, ஐந்து வருடக் கெடுவோடு. ஐந்து வருடத்துக்குப் பிறகு என்ன என்று கேட்டால் பதில் இல்லை. அதே வருடம் நார்த் ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத் தேர்தலில் எதிர்க்கட்சி வேட்பாளர் யுர்கன் ருட்கர்ஸின் பிரச்சாரம் "இந்தியர்களுக்குப் பதில் நம் குழந்தைகள்" என்ற கோஷமாக ஊரெல்லாம் பரவியது. சென்னை ஐஐடியின் நெருங்கிய கூட்டாளியான ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது, பானும் அங்கேதான். அவர் தோற்றுப்போனார் என்பது வேறு விஷயம் (ஐந்து வருடம் கழித்து அதே மாநிலத்தின் முதல்வரும் ஆனார்). அறிவித்த 20,000 கார்டுகளும் முழுதாகத் தீரவில்லை.

ஆராய்ச்சி உறவு ஏன் சாகவில்லை

பெரிய உதவி நின்றதும் உறவும் வாடிப்போயிருக்க வேண்டும். பல நாடுகளில் அப்படித்தான் நடந்திருக்கிறது, கட்டடத்தில் ஒரு கல்வெட்டு மட்டும் மிஞ்சும். இங்கே அப்படி ஆகாததற்கு நான் பார்க்கும் காரணம் எளிமையானது. ஜெர்மனி ஆரம்பத்திலேயே ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதில் பணம் போட்டது. இங்கிருந்து போன இளம் ஆசிரியர்கள் அங்கே ஒரு ஆய்வகத்தில், ஒரு பேராசிரியருக்குக் கீழே வேலை பார்த்துத் திரும்பினார்கள். திரும்பியவருக்கு அங்கே ஒரு கைடு இருக்கிறார், கடிதம் எழுதலாம், தன் மாணவரை அனுப்பலாம். அந்த மாணவர் ஒருநாள் இங்கேயே பேராசிரியராகிறார். தலைமுறை தாண்டியும் அந்தக் கயிறு அறுவதில்லை.

அந்தக் கயிற்றுக்குத் தொடர்ந்து எண்ணெய் போட்டது பானில் உட்கார்ந்திருக்கும் இரண்டு அமைப்புகள்: கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடியும் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் அறக்கட்டளையும். இரண்டும் கோடிக்கணக்கில் கொட்டும் இடங்கள் இல்லை. ஒருவருக்குச் சில மாதங்கள், ஒருவருக்கு ஒரு வருடம், ஒரு பேராசிரியருக்கு மறுபடி ஒரு கோடைகாலம் போய் வருவதற்கு உதவி. ஹம்போல்ட் உதவித்தொகை வாங்கியவர் வாழ்நாள் முழுக்க அந்தக் குடும்பத்தில் ஒருவர், பத்து வருடம் கழித்தும் திரும்ப அழைப்பார்கள். அரசாங்கக் காசு, சின்னத் தொகை, ஆனால் நிற்காமல் வந்துகொண்டே இருப்பது. 1990களின் பிற்பகுதியில் எம்.டெக் மாணவர்களுக்காக டிஏஏடியின் சாண்ட்விச் திட்டம் வந்தது, படிப்பின் நடுவில் ஜெர்மன் பல்கலைக்கழகம் ஒன்றில் சில மாதங்கள் ப்ராஜெக்ட் செய்துவிட்டுத் திரும்பி இங்கேயே பட்டம் வாங்கலாம். இளநிலை மாணவர்கள் கோடை விடுமுறையில் அங்குள்ள லேபுகளில் வேலை பார்க்கவும் உதவித்தொகை இருந்தது. இவற்றை உருவாக்கியவர்களுக்கு ஆய்வகம் எப்படி இயங்குகிறது என்று தெரியும்.

2010இல் இந்தோ-ஜெர்மன் நிலைத்தன்மை மையம் சென்னை ஐஐடி வளாகத்துக்குள் தொடங்கியது. பணம் இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது: ஜெர்மன் ஆராய்ச்சி அமைச்சகம், இந்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை. ஜெர்மன் பக்கம் முன்னால் நிற்பது ஆகன், கூட பெர்லின், கீல் போன்ற பல்கலைக்கழகங்கள். நீர், ஆற்றல், கழிவு, நிலப் பயன்பாடு என்று தலைப்புகள். 1959இன் ஒப்பந்தத்தோடு இதை வைத்துப் பார்த்தால் மாற்றம் தெரியும். அன்று ஒருவர் கொடுத்தார், மற்றவர் வாங்கினார். இன்று செலவைப் பங்கு போடுகிறார்கள், ஆய்வுக் கேள்வி சென்னையிலிருந்து வருகிறது. மழை வந்தால் வெள்ளம், வராவிட்டால் தண்ணீர் லாரி என்றிருக்கும் நகரத்தில் நீர் பற்றி ஆராய ஜெர்மன் மாணவர் இங்கே வந்து கற்க விஷயம் இருக்கிறது. 2018 மார்ச்சில் ஜெர்மன் ஜனாதிபதி ஸ்டைன்மையர் சென்னை ஐஐடிக்கு வந்தார். லுப்கே பார்த்தது பாதி கட்டிய உதவித் திட்டம். இவர் வந்தபோது ஜெர்மனி இங்கே கூட்டாளி.

பெரிய நன்கொடைகள்

2024 ஆகஸ்டில் கிருஷ்ணா சிவுகுலா 228 கோடி ரூபாய் கொடுத்தார், சென்னை ஐஐடிக்குத் தனி ஒருவரிடமிருந்து அதுவரை வந்ததிலேயே பெரியது. 1970இல் இங்கே விமானப் பொறியியலில் எம்.டெக் முடித்தவர், பிறகு ஹார்வர்டில் எம்பிஏ, பிறகு அமெரிக்காவில் தொழில். அதே வருடம் சுனில் வாத்வானி 110 கோடி கொடுத்துத் தரவு அறிவியலுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் ஒரு பள்ளி அவர் பெயரில் வந்தது. இங்கே பட்டம் வாங்கியதும் கார்னகி மெலன் போய், பிட்ஸ்பர்க்கில் நிறுவனம் வளர்த்தவர். உள்நாட்டிலேயே இருந்து கொடுத்தவர்களும் உண்டு, இன்ஃபோசிஸ் கிரிஸ் கோபாலகிருஷ்ணன் மூளை ஆராய்ச்சிக்குக் கொடுத்தது பெரிய உதாரணம். ஜெர்மனியில் வாழ்ந்து இந்த அளவில் கொடுத்தவர்?

பணக்காரராவது அமெரிக்காவில் எளிது என்பது மட்டும் காரணமில்லை. படித்த கல்லூரிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அமெரிக்கப் பழக்கம். அங்கே படித்தவர் தன் அமெரிக்கப் பல்கலைக்கழகம் வருடா வருடம் கடிதம் போட்டு, கூட்டம் நடத்தி, வரிவிலக்கோடு பணம் கேட்பதைப் பார்த்துப் பழகிவிடுகிறார், அதே கண்ணோடு பழைய ஐஐடியையும் பார்க்கிறார். சென்னை ஐஐடிக்கு அமெரிக்காவில் வரிவிலக்கு பெற்ற அறக்கட்டளையே இருக்கிறது. ஜெர்மனியிலோ பல்கலைக்கழகம் என்பது வரிப்பணத்தில் ஓடும் பொதுச் சொத்து, குடிநீர்க் குழாய்க்கு யாரும் நன்கொடை கொடுப்பதில்லை அல்லவா, அப்படி. அங்கே படித்தவருக்கு ஆய்வகத்தோடும் பேராசிரியரோடும் ஒட்டுதல் இருக்கும், நிறுவனத்துக்குக் காசோலை எழுதும் எண்ணம் வராது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரு முன்னாள் மாணவர் அலுவலகம் நன்கொடைத் தொகையை மட்டும் வைத்து நாடுகளை வரிசைப்படுத்தினால் ஜெர்மனி என்றைக்கும் கடைசியில்தான் வரும், அங்கிருந்து வந்த அறுபது வருட ஆய்வக உழைப்பு எந்தக் கட்டத்திலும் ஏறாது.

இப்போது நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது

2005இல் புதிய குடியேற்றச் சட்டம் வந்து, ஜெர்மனியில் படித்து முடித்த வெளிநாட்டு மாணவர் ஒரு வருடம் தங்கி வேலை தேடலாம் என்றானது. 2012இல் அது பதினெட்டு மாதம், அதே வருடம் ஐரோப்பிய நீல அட்டை (உயர்கல்வி படித்த வெளிநாட்டவர் தங்கி வேலை பார்க்கும் அனுமதி). ஆங்கிலத்தில் முதுநிலைப் படிப்புகள் பெருகின. பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை (பாடன் வுர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது). 2023-24 குளிர்காலப் பருவத்தில் அங்கே படித்த இந்திய மாணவர்கள் ஏறத்தாழ 49,500 பேர், சீனர்களைத் தாண்டி முதலிடம். 2024 அக்டோபரில் இந்தியத் திறன் தொழிலாளர்களுக்கான விசாவை வருடத்துக்கு 20,000இலிருந்து 90,000 ஆக்குவதாக அறிவித்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்த ஐம்பதாயிரம் பேரில் பெரும்பாலானவர்கள் ஐஐடிக்காரர்கள் இல்லை. தமிழ்நாட்டுப் பக்கமிருந்து போகிறவர்களைப் பார்த்தால் கோவை, திருச்சி, சென்னைத் தனியார் பொறியியல் கல்லூரிகளில் படித்து, வீட்டில் கடன் வாங்கி முடக்குக் கணக்கில் (அங்கே செலவுக்கு மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) பணம் போட்டுவிட்டுப் போகும் பிள்ளைகள்தான் கண்ணில் படுகிறார்கள். ஜெர்மனி 1959இல் உருவாக்கிய கல்லூரி அமெரிக்காவுக்கு ஆள் கொடுத்தது, அது கண்டுகொள்ளாத கல்லூரிகள் இன்று அதற்கு ஆள் கொடுக்கின்றன. அந்தக் கல்லூரிகளிடம் ஜெர்மன் ஆய்வகத் தொடர்பு பெரும்பாலும் கிடையாது. சென்னை ஐஐடியிடம் தொடர்பு இருக்கிறது, அங்கே வாழும் ஆட்கள் குறைவு. இரண்டையும் சேர்த்து வைக்க யாராவது முயன்றால், உதாரணமாக இந்தோ-ஜெர்மன் மையத்தின் பருவகாலப் பள்ளிகள் என்ற குறுகியகாலப் படிப்புகளில் ஜெர்மனியில் படிக்கும் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு அவர்கள் எந்தக் கல்லூரியிலிருந்து போனாலும் சில இடங்கள் ஒதுக்கினால், பெரிய செலவில்லாமல் ஒரு பாலம் கிடைக்கும்.

கொடுக்கும் இடத்தில் சென்னை ஐஐடியே இப்போது உட்கார்ந்திருக்கிறது. 2023இல் தான்சானியாவின் சான்சிபாரில் வளாகம் திறந்தது, இந்தியாவுக்கு வெளியே எந்த ஐஐடிக்கும் முதல் வளாகம் அது. அங்கிருந்து பட்டம் வாங்கி வரும் ஆப்பிரிக்க மாணவருக்கு அடுத்த ஐந்து வருடத்துக்குச் சென்னை என்ன வைத்திருக்கிறது? பிஎச்டி இடம், வாழப் போதுமான உதவித்தொகை, ஓரகடத்திலோ தரமணியிலோ வேலை பார்க்க விசா. இந்த மூன்றில் முதல் இரண்டை நிறுவனமே முடிவு செய்யலாம். மூன்றாவது டெல்லியின் கையில்.